ஒரு வரிசை குறைவு

பழங்காநத்தம்,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்பு அஸ்வினிக்கு, முனீஸ்வரி எழுதுவது.

போட்டோவில் நான் முதலில் பார்த்தது உன் முகத்தை இல்லை. உன் கழுத்தில் இருந்த சாம்பல் நிற மப்ளரின் ஓரத்தைத்தான். பின்னலில் ஓரிடத்தில் ஒரு கண்ணி விட்டுப்போய், அடுத்த வரிசையில் அதை எடுத்துப் பிடித்திருந்தார்கள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷின் அப்படி விடாது. யாரோ கையால் போட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ சிரிப்பதைப் பார்த்தேன்.

போட்டோவைக் காட்டியது உன் அம்மாதான். நான் பின்னிக் கொடுத்த வயர் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டே, சுந்தரம்மாள் அத்தை சொன்னார்கள்: "கூட இருக்குற பிள்ளை பவதாரிணி பின்னுனதாம் முனீசு. கடையில வாங்குனது தோத்துப்போகும். அந்தப் பிள்ளைக்குக் கை என்னமா ஓடுது பாரு!" நான் ஆமாம் அத்தை என்றேன். கூடையின் கைப்பிடியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்பாய். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் உனக்குப் போன் கொடுக்கும்போது பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நீ "அப்பறம்டி?" என்பாய். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். அம்மா கப்பலூர் கம்பெனிக்குப் போய் வருகிறாள். நம்மூரிலும் இந்த வருடம் கொஞ்சம் குளிர்கிறது என்றால் நீ சிரிப்பாய். ரவுண்டானா பக்கம் ஸ்வெட்டர் கடை போட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணன் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய வழிய வெயில் ஏறும்வரை கழற்றாமல் ஓட்டுகிறார். கேட்டால், "காசு குடுத்து வாங்கிருக்கேன்ல" என்கிறார். கோலம் போட வருகிற பெண்கள் எல்லோரும் தலையில் துண்டு. நான் மட்டும் எதுவும் போடவில்லை. எனக்குக் குளிரவில்லை. கோபமாக இருந்தால் குளிராது போல.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஊட்டில குளிரு கொல்லுமாம்டி. எனக்கு நீதான் மப்ளர் போட்டுத் தரணும். வேற யார்ட்டயும் வாங்க மாட்டேன்." நானும் சரி என்று தலையாட்டினேன். நம்பு, நான் மறக்கவில்லை. விளக்குத்தூண் பக்கம் போய், உனக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறத்தில் கம்பளி நூல் வாங்கி வந்தேன். ஆனால் எனக்கு ஊசியில் பின்னத் தெரியாது. யாரிடமும் போய்க் கேட்கவும் கூச்சம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடை முடிச்சுதான்.

வயரை என்ன செய்வோம்? முதலில் அளந்து வெட்டிவிட்டுத்தானே பின்ன உட்காருவோம். கை பழக்கத்தில் நூலையும் அப்படியே துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகுதான் புத்தி வந்தது. மப்ளருக்கு நூல் அறுபடாமல் ஓட வேண்டுமாம். சரி, வெட்டியது வெட்டியாகிவிட்டது என்று கூடைக்குப் போடுகிற சிவன் கண் முடிச்சிலேயே போட்டேன். முடிச்சு போட்டால் இழுத்து இறுக்காமல் என் கைக்கு இருக்க முடியாது. நீ போட்ட கூடை தக்காளியைக்கூடத் தாங்காமல் தொங்கும் என்று எத்தனை நாள் உன்னைக் கேலி செய்திருப்பேன்! மப்ளருக்கு உன் கைதான் சரி, அஸ்வினி. நான் போட்டது தரையில் வைத்தால் தானாக நின்றது.

எங்கள் வீட்டு அழகுபாண்டி அண்ணன் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக் காட்டினான். "என்னத்தா இது, கழுத்தெலும்பு முறிஞ்சவனுக்கு மாட்டுற பட்டையா? ஒன் ஃப்ரெண்டு நர்ஸுக்குத்தான படிக்குது, ஆஸ்பத்திரிக்கு ஆகும், அனுப்பி வையி" என்றான். அம்மா, "வெங்காயம் போட்டு வைக்கலாம்டி, வீணாப் போகாது" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அதைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் அத்தை போட்டோவைக் காட்டினார்கள்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பவதாரிணியை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எந்த ஊர், கறுப்பா சிவப்பா எதுவும் தெரியாது. அவள் உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறாள், உன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிறாள், நீ இருமினால் அவளுக்குக் கேட்கிறது. அது போதும் எனக்கு. அவள் கை தவறவிட்ட அந்த ஒரு கண்ணியை நினைத்து நினைத்து இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் அத்தை மறுபடி வந்தார்கள். பொங்கல் சாமானோடு உன்னைப் பார்க்க வருகிறார்களாம், கொடுத்துவிட ஏதாவது இருந்தால் கொடு என்றார்கள். பேச்சோடு பேச்சாக, "அந்த மப்ளரு அந்தப் பிள்ளை தனக்குன்னு போட்டுக்கிட்டதாம் முனீசு. விடியக்காலம் இவ இருமுறான்னு கழட்டி இவ கழுத்துல சுத்திவிட்ருச்சாம். அம்புட்டு நல்ல பிள்ளை" என்றார்கள். போட்டோவை இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன் பக்கத்தில் ஒருத்தி இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறாள். அவள்தானே? கழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

இதற்கு நடுவில் என் மப்ளருக்கு ஒரு வேலை வந்தது. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் வெந்நீர் கொண்டு போகிறாள். பாட்டில் சுடுகிறது என்று, டின்னுக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் வந்து, "மத்தியானம் வரைக்கும் கொதிச்சுக்கிட்டே கெடந்துச்சுடி. நான் பாட்டுக்கு மடக்குன்னு குடிச்சு, நாக்கு வெந்துபோச்சு" என்று திட்டினாள். திட்டு வாங்கி எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

உட்கார்ந்து மப்ளரின் எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன். கூடைக்குப் போடுவதுபோல் அடிப்பக்கம் போட்டு, உயரமாக ஏற்றி, கைப்பிடியும் வைத்து இரண்டு பாட்டில் பை பின்னியிருக்கிறேன். பார்சலில் பெரிதாக இருப்பது உனக்கு. வெந்நீர் பிடித்து அதில் வைத்துக்கொள். ராத்திரி டியூட்டி இருந்தால் மடியில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்ளலாம். இது எத்தனை இறுக்கமோ அத்தனை நல்லது.

சின்னது பவதாரிணிக்கு. ஒரு வரிசை குறைவு. பாட்டிலின் கழுத்து கொஞ்சம் வெளியே தெரியும், அதனால் சீக்கிரம் ஆறிப்போகும். நூல் தீர்ந்துவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன். தீரவில்லை. வெட்டாத நூல் ஓர் உருண்டை இருக்கிறது. உன்னிடம் இருக்கிற நிறம் என்னிடமும் இருக்கட்டும் என்று அதை நான் வைத்துக்கொள்கிறேன். யாருக்கும் தருவதாக இல்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன். அவளிடம் பையைக் கொடுக்கும்போது யார் கொடுத்தது என்று கேட்பாள். "ஊர்ல ஒரு ஃப்ரெண்டு" என்று சொல்லிவிடாதே. என் பெயரைச் சொல். பொங்கல் கழித்து லீவு கிடைத்தால் வா. வரும்போது அந்தச் சாம்பல் மப்ளரையும் கொண்டு வா, அந்த முடிச்சு எப்படிப் போகிறது என்று கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இருமலை அப்படியே விடாதே. மீனாட்சி அம்மன் உன்னைக் குளிரில் தனியாக விட மாட்டாள்.

என்றும் உன்,
முனீஸ்வரி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்த பிறகு, சின்னதன் மேல்விளிம்பை அவிழ்த்து, உருண்டையிலிருந்து நூல் எடுத்து ஒட்டுப்போட்டு, இன்னும் ஒரு வரிசை போட்டேன்.