இருபது எம்.பி. பொம்பிளை

செவ்வாய்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா புரோக்கரிடம் சொல்லியிருக்கிறார்: படம் வேண்டாம், படத்தில் மறைக்கலாம், வீடியோதான் வேண்டும். வன்னிப் பிள்ளையாம், சண்டைக்குள் இருந்தவளாம், கை கால் சரியோ என்று பார்க்க வேண்டுமாம். மாடு வாங்குகிறவர் போல. நல்லவேளை, பல்லைக் கேட்கவில்லை. அனுப்புவது ஈமெயிலில். வேறொன்றும் அவருக்குத் திறக்கத் தெரியாது.
செய்ய: செம்மஞ்சள் சீலை அயர்ன். பவுடர். முற்றம் கூட்ட. கோழி அடைக்க.

புதன்
அப்பா போனில் எடுத்தார். கிணற்றடியிலிருந்து வாசல் வரை நான், மூன்று தரம். கதிரையில் இருந்தபடி அம்மா:
"அந்தக் கன்னத்தைக் காட்டாதையடி!"
அந்தக் கன்னம் இடது. செல்லடியில் குண்டுத் துண்டு கிழித்தது, காதிலிருந்து தாடை வரை. அன்றைக்குப் பங்கருக்குள் அம்மா தங்கச்சி சுபாவின் மேல் கவிழ்ந்து படுத்தார். நான் பக்கத்தில். என்ன செய்தும் வீடியோவில் இரண்டு இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது.
தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்தால் என் கை தெரியாதாம். அதனால் வீடியோவில் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தது சுபா. வீட்டுச் சட்டை, தலைகூட வாரி இழுக்கவில்லை.

வியாழன்
மாங்குளம், கொமினிகேஷன் கடை. வீடியோ நானூறு எம்.பி. ஈமெயில் இருபதுக்கு மேல் விடாது. கடை அண்ணை சுருக்கினார். போகவில்லை. இன்னும் சுருக்கினார். முகமெல்லாம் கஞ்சி. தழும்பைக் காணவில்லை!
"ஆரெண்டே தெரியேல்லைத் தங்கச்சி. துண்டு துண்டா வெட்டித் தெளிவா அனுப்பவோ?"
அம்மா முந்திக்கொண்டார்: "வேண்டாம் தம்பி, இதுதான் வடிவு. இதையே விடுங்கோ."
திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். வெட்கம் கெட்ட எனக்கு அது பிடித்திருந்தது.

சனி
மழை. பதில் இல்லை. தலைக்கு எண்ணெய். கனடாக் குளிருக்கு என்ன உடுப்பு என்று யோசித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிறு
புரோக்கர் வந்தார். பெரியப்பாவுக்கு முழுச் சம்மதம். அம்மா சாமிப்படத்தைக் கும்பிட்டார்.
"தேத்தண்ணித் தட்டோட வந்த பிள்ளையை நல்லாப் பிடிச்சிட்டுதாம். கையும் காலும் ஒரு குறையில்லை எண்டவர். மற்றது... அந்தச் சீலை கட்டினவ ஆர், சித்தியோ எண்டும் கேட்டவர்."
பொம்பிளை பார்க்கிற வீட்டில் தட்டோடு வருகிறவள்தானே கல்யாணப் பொம்பிளை. எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.
அப்பா நிலத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பிழை என்று சொல்லுவார், இப்போது சொல்லுவார்.
"சுபாவுக்கும் இருபது முடிஞ்சுதுதானே," என்றார் அம்மா.
புரோக்கர் போனபின் என்னிடம்: "நாளைக்கு நீயே அவளைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு வீடியோ அனுப்பிவிடு. துண்டு துண்டா எண்டாலும் தெளிவா அனுப்பு. அவளிட்ட மறைக்க என்ன கிடக்கு?"

திங்கள்
வெயில். ஒன்பது மணி பஸ். சுபா அழுது முடித்து, முகம் கழுவி, செம்மஞ்சள் சீலையைக் கேட்டாள். கொடுத்தேன். கொசுவம் பிடித்துவிட்டேன். தோளில் ஊசி குத்தினேன்.
"அக்கா, நோகுது."
தெரியும்.