உன் அறைக்குள் வைத்த ரவுட்டர்

குற்றிச்சிறை, கோழிக்கோடு
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷஹர்பானுக்கு உம்மாவின் சலாம். படைத்தவன் கிருபையில் இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பர்மிங்காம் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே. போனை எடுப்பதில்லையே, உம்மாவுக்குக் கோபமா என்று உன் அக்கா சுஹராவிடம் கேட்டாயாம். கோபப்படத் தெம்பு வேண்டுமே மகளே. பகலில் இந்த வீட்டில் நெட் கிடையாது, அவ்வளவுதான்.

லைன் வந்து இறங்குவது உன் மூத்த அக்கா குஞ்ஞீபியின் அறையில். அங்கிருந்து ஒயர் இழுத்து சுஹரா அறையில் ஒரு ரவுட்டர், அதிலிருந்து இழுத்து சபீனா அறையில் இன்னொன்று. தன் அறைக்கென்று தனியாக ஒன்று இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று உன் அக்காமார்களின் மாப்பிள்ளைகள் ஆளாளுக்கு வாங்கி மாட்டியது. குஞ்ஞீபி மாப்பிள்ளை இம்பிச்சிக்கோயாவுக்குத் தலை முழுக்க வழுக்கை, பேரனும் பிறந்தாயிற்று, ஆனாலும் பெண்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிற நம் வழக்கத்தில், இந்த வீட்டுக்கு அவர் என்றும் புதுமாப்பிள்ளைதான். பொழுது சாய்ந்தால் வருவார், காலையில் பத்திரி தின்றுவிட்டு அறையின் மெயின் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியோடு கடைக்குப் போய்விடுவார். குஞ்ஞீபியும் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவர் அணைத்தால் பின்னால் தொங்குகிற மற்றதெல்லாம் செத்த மாதிரிதான். புதுமாப்பிள்ளையிடம் மாமியார் போய் வாதாட முடியுமா? குஞ்ஞீபி மூலம் சொல்லிப் பார்த்தேன், "ஆளில்லாத ரூம்ல தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது"ன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் நெட் லைன்காரன் வந்தான். "மூணு பெட்டியும் நான்தான் பெருசுன்னு நிக்குது, அதான் ராத்திரியிலயும் அறுந்து அறுந்து போகுது. ஒண்ணு பெருசா இருக்கட்டும், மத்தது அது கொடுக்கிறத வாங்கிக் கொடுத்தாப் போதும்" என்றான். மாப்பிள்ளைகள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு, "அந்தப் பெருச நடு ரூம்ல வைக்கணும், யாரும் அணைக்கக் கூடாது" என்றான். நடு அறை உன்னுடையது. சிரிப்பு போய்விட்டது. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் பிரசவத்துக்காக அந்த அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு, தொட்டில் கொக்கிக்கும் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். உன் அக்காமார்கள் பெற்றதெல்லாம் அவரவர் அறையில்தானே. வீட்டுப் பொதுச் சாமான் ஒன்று உள்ளே போனால் நீ வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்தேன். செவ்வாய்க்கிழமை அந்திக்கு நீ கூப்பிட்டாய். "டாக்டர் பிளேன்ல ஏற விட மாட்டேங்கிறார் உம்மா, பொறந்ததும் வீடியோவுல காட்டுறே..." என்றதோடு அறுந்துபோயிற்று. எனக்கு அழவும் அலுப்பாக இருந்தது.

மறுநாள் நானே லைன்காரனைக் கூப்பிட்டு உன் அறைச் சாவியைக் கொடுத்தேன். பெரிய பெட்டி இப்போது உன் அலமாரித் தட்டில் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் லைனும் இப்போது அங்கேதான் இறங்குகிறது, அங்கிருந்து மூன்று அறைக்கும் தனித்தனி ஒயர். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். இன்னொருவர் அறைக்குள் எந்தப் புதுமாப்பிள்ளையும் கால் வைக்க மாட்டார், அதனால் அணைக்க ஆளில்லை. தொட்டில் கொக்கியைக் கழற்றவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, படியில் பார்த்து இறங்கு. அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிரித்துத் தரட்டும். வலி எடுத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, போனோடு உன் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பேன். உன் பிள்ளையும் உன் அறையில்தான் எனக்கு முகம் காட்ட வேண்டும்.

உன் உம்மா
கதீசாபி