மதிசுதன் மனப்பாடம் செய்த அறுபது சொற்கள்

பிராங்பேர்ட்
4 ஓகஸ்ட் 2025, திங்கள்

அன்புத் தம்பி மதிசுதனுக்கு,

நேற்று ரக்பி ஆட்டத்தின் ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் உனக்குத் தலையில் அடிபட்டது. பன்னிரண்டு நிமிடம் கழித்து நீ மறுபடியும் ஆட இறங்கினாய். இவை உங்கள் கழகத்தின் அறிக்கையில் உள்ளவை. “தலைக்காயப் பரிசோதனையில் தேறினார்” என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மற்றதை நான் நேரலையில் பார்த்தேன். எதிரணிக்காரனின் இடுப்பெலும்பில் உன் நெற்றிப்பொட்டு மோதியது. பதினொரு விநாடி முழங்காலில் நின்றாய். கமெரா பந்தோடு போய்விட்டது. திரையின் இடது மூலையில் நீ எழுந்து மூன்று அடி நடந்ததை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ நடந்தது எதிரணியின் பக்கம்.

இன்று காலை உன் குரல் செய்தி வந்தது. “அக்கா, போனைப் பார்க்கக் கண் கூசுது. ஏதும் சொல்லுறதெண்டால் கடிதமா எழுதுங்கோ, பெரிய எழுத்தா. தமிழிலை எழுதுங்கோ. என்னோடை வீட்டிலை இருக்கிறவன் ஜெர்மன் எண்டால் போனைப் பிடிச்சு மொழிபெயர்த்து வாசிச்சுப் போடுவான். உங்கடை தமிழ்க் கையெழுத்தை வாசிக்கிற போன் இன்னும் பிறக்கேல்லை.”

சிரித்தேன். பிறகு கண் கூச்சத்தை நினைத்துச் சிரிப்பை நிறுத்தினேன்.

வேலைக்குப் போகிற வழியில், எஸ்-பான் ரயிலில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீ இங்கிலாந்தில் “ஸ்போர்ட்டிலை அவுஸ்பில்டுங்” செய்கிறாய் என்றுதான் அவர் இன்னும் ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பயிற்சிப் படிப்பு எட்டு வருடம் நீளும் என்பது போல.

பரிசோதனையில் என்ன கேட்டார்கள், யார் கேட்டார், எவ்வளவு நேரம்? உள்ளதை எழுது.

உன் அக்கா,
சிவசக்தி


வடஇங்கிலாந்து
8 ஓகஸ்ட் 2025, வெள்ளி

அன்பின் பேப்பர்கார அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீதிமன்ற விசாரணை போல இருந்தது. எதிரிக் கூண்டில் ஆஜராகிறேன்.

பரிசோதித்தவர் எங்கள் கழக மருத்துவர் ஹோல்ட். நல்ல மனிதர். பத்துச் சொல் வாசிப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், மூன்று தரம். பிறகு மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். பிறகு ஆடாமல் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் அந்தப் பத்துச் சொல்லையும் மறுபடி கேட்பார். அவர் “வாளி, கம்பளம், முயல்” என்று தொடங்கியதுமே இது மூன்றாவது பட்டியல் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் பாடி அனுப்பிய மெட்டு தானாக ஓடியது. பத்துக்குப் பத்து. டொக்டர் சிரித்துக்கொண்டு, “ஜனவரியில் அடிபடாமல் இருந்தபோது செய்ததைவிட இப்போது நன்றாகச் செய்கிறாய்” என்றார். செவ்வாய்க்கிழமை திரும்பவும் கேட்டார். அதிலும் பத்து. ஆகவே பயப்படாதேங்கோ.

இங்கே கழகத்தில் ஒரு செய்தி. எங்கள் சமையலறையில் வேலை செய்யும் மொரீன் ஓய்வு பெறுகிறார். நான் அவருக்குக் கோழிக்கறி சமைத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

இப்போது நாங்கள் இல்லாத கிண்ணப் போட்டி நடப்பதால் எங்களுக்கு ஆட்டம் இல்லை. அடுத்தது 24ஆம் திகதி ஞாயிறு. அது முடிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து, இன்னும் இரண்டு வருடம். எனக்கு முப்பத்தொரு வயது. இதற்குப் பிறகு ஒருவரும் பேனையைத் தரமாட்டார்கள். ஜெர்மன் அணிக்கு ஆடின காலத்தில் நாங்களே எங்கள் காலுறையை வாங்கினோம், ஞாபகம் இருக்கா? இங்கே வந்து இரண்டு வருடம் பகலில் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போனேன். ஆறு வருடமாகத்தான் இது முழுநேரத் தொழில். நூற்றிருபத்தெட்டு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் முப்பது முப்பத்தைந்து தரம் ஒரு சுவரை நோக்கி ஓடுகிறேன். சுவர் என்னை நோக்கியும் ஓடிவருகிறது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

வேறென்ன? எங்கள் சமையலறையில் வேலை செய்யும் மொரீன் ஓய்வு பெறுகிறார். நான் கோழிக்கறி சமைத்துக் கொடுத்தேன். மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார், பாவம்.

அன்புடன்,
மதி


பிராங்பேர்ட்
12 ஓகஸ்ட் 2025, செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மொரீன் ஓய்வு பெறுவதை நீ முதல் பக்கத்திலும் எழுதியிருக்கிறாய், இரண்டாம் பக்கத்திலும் எழுதியிருக்கிறாய், இரண்டு தரமும் புதுச் செய்தியாக. இரண்டாம் பக்கத்தில் உன் வரிகள் வலது பக்கம் கீழே சரிகின்றன. இதற்கு முன் நீ எழுதிய பிறந்தநாள் வாழ்த்துகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் சரிவில்லை.

அந்த அறுபது சொற்களைப் பற்றி எழுத வேண்டும்.

ஜனவரியில் ஆறு பட்டியல்களைப் படமெடுத்து அனுப்பினாய். “அக்கா, இங்கிலீஷ் டெஸ்ட் மாதிரி ஒண்டு. எல்லாரும் தாய்மொழியிலை செய்யிறாங்கள், நான் மட்டும் திக்குறன். தமிழ்ப் பள்ளியிலை செய்தமாதிரி மனப்பாடமாக்கித் தாங்கோ” என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமைப் பள்ளியின் மனனப் போட்டிக்கு உனக்குச் செய்யுள் சொல்லித் தந்த அதே மெட்டில் பத்துப் பத்தாகப் பாடிப் பதிவு செய்தேன். இருபத்திரண்டு வருடமாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன். ஒரு காகிதம் கைக்கு வந்தால் இது எதற்கு என்று கேட்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் நடந்த போட்டி ஒன்றை உனக்குச் சொல்கிறேன், உனக்கு அது நினைவிருக்க வழியில்லை. அன்று உனக்கு 39.6 காய்ச்சல். அம்மா வேண்டாம் என்றார், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் முப்பது செய்யுளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாய். பரராசசிங்கம் மாஸ்டர் கை தட்டிக்கொண்டே எழுந்து நின்றார். முதற் பரிசு. காரில் ஏறியதும், “அக்கா, போட்டி எப்ப தொடங்கும்?” என்று கேட்டாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மனப்பாடம் செய்தது, ஆள் அங்கே இல்லாவிட்டாலும் வாயில் வரும். உன் டொக்டர் கேட்டது அந்த வாயை.

டொக்டர் கவிசாவை உனக்குத் தெரியும், என் சிநேகிதியின் மகள், இங்கே நரம்பியலில் வேலை செய்கிறாள். உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சொல்லு முதலே தெரிஞ்ச ஆளுக்கு அந்த டெஸ்ட் ஒண்டும் காட்டாது அன்ரி. மூளை ஆற முன்னம் இன்னொரு அடி விழுந்தால் வீங்கும். கனபேர் தப்புவினம். சிலபேர் எழும்பமாட்டினம். ஆர் எந்தப் பக்கம் எண்டு முதலே சொல்ல ஏலாது.” பிறகு, “அன்ரி, இது பேப்பருக்கோ, வீட்டுக்கோ?” என்று கேட்டாள். பேப்பருக்கு என்று பொய் சொன்னேன்.

24ஆம் திகதிக்கு முன் நீயே டொக்டர் ஹோல்டிடம் சொல்லிவிடு. பட்டியல்கள் மனப்பாடம் என்று சொல், யார் சொல்லித் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல். இந்த ஒன்பது நாளாகத் தொலைபேசி அடித்தால், உன் எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அக்கா,
சிவசக்தி


வடஇங்கிலாந்து
16 ஓகஸ்ட் 2025, சனி

அக்காவுக்கு,

ஒரு செய்தியை இரண்டு தரம் எழுதினால் மூளை வீங்கிவிட்டது என்று அர்த்தமா? அம்மா தொலைபேசியில் ஒரே கதையை ஐந்து தரம் சொல்வார். அவரையும் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கோ.

என் கண் கூச்சம் போய்விட்டது, கிட்டத்தட்ட. தலையிடி காலையில் மட்டும். வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது நாலு தெருவை இரண்டு தரம் சுற்றினேன், ஆனால் அன்று நல்ல மழை. மழையில் இந்த ஊரில் எல்லாத் தெருவும் ஒன்றுதான்.

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று விளங்குகிறதா? நான் சொன்னால், பரிசோதனையை ஏமாற்றினான் என்று வரும். கழகம் வைத்திருக்காது. வேறு கழகமும் எடுக்காது. முப்பத்தொரு வயதில், ஒரு அவுஸ்பில்டுங்கும் இல்லாமல் பிராங்பேர்ட்டுக்கு வந்து அம்மாவின் சோபாவில் இருப்பேன். விமான நிலையத்தில் பெட்டி தூக்குவேன். அங்கேயும், “நீ முந்தி ஏதோ விளையாடினனி எல்லே” என்று கேட்பார்கள். எனக்கு அடியைவிட அதுதான் பயம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நான் கழிப்பறையில் குனிந்து நின்று சத்தி எடுக்கிறேன், எட்டு வருடமாக. ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் பந்தைக் கையில் வாங்கினால் அந்தப் பயம் நின்றுவிடும். வேறு எந்த இடத்திலும் அது நிற்பதில்லை.

24ஆம் திகதி ஆடுவேன். கையெழுத்து வைப்பேன். அதற்குப் பிறகு நானே டொக்டரிடம் போவேன், சத்தியம். அதுவரை பேசாமல் இருங்கோ. நீங்கள் மற்றவர்களுடைய வாழ்க்கையை எழுதிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர். என்னுடையதையும் அப்படி எழுதினால், எனக்கு அக்கா இல்லை. கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மதிசுதன்


பிராங்பேர்ட்
21 ஓகஸ்ட் 2025, வியாழன்
விரைவுத் தபால்

அன்புத் தம்பி மதிசுதனுக்கு,

ஞாயிறு ஆட்டத்திலிருந்து நீ நீக்கப்பட்டிருக்கிறாய். டொக்டர் ஹோல்ட் நேற்றுக் காலை 9.12க்கு எனக்கு எழுதிய மின்னஞ்சலில் இதை உறுதிப்படுத்தினார். உன் அனுமதியோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறார். எங்கும் அச்சில் இல்லாத பத்துச் சொற்களை அவரே அன்று காலை எழுதி உன்னிடம் கேட்டாராம். முதல் தரம் நான்கு சொன்னாய். பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒன்று.

அவருக்கு எழுதியது நான். செவ்வாய் மாலை 4.20க்கு அனுப்பினேன். உன் கடிதம் அன்று மதியம்தான் வந்தது. அதை வாசித்துவிட்டு, பேசாமல் இருப்பது என்றுதான் முதலில் முடிவெடுத்தேன். இதை நீ நம்ப வேண்டும். சத்தியம் செய்திருக்கிறாய், ஐந்து நாள்தானே என்று எனக்கு நானே சொன்னேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

மூன்றரைக்கு அம்மாவின் தொலைபேசி வந்தது.

“சக்தி, வேலையோ?”

“சொல்லுங்கோ அம்மா.”

“தம்பி கதைச்சவன். சும்மா சிரிக்கப் பம்பலுக்கு ஒண்டு சொன்னவன். பம்பல்தானே எண்டு உன்னட்டைக் கேப்பமெண்டு…”

“என்ன சொன்னவன்?”

“வேலை எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டு கதைச்சுப்போட்டு, ‘சரி, அப்பாட்டைக் குடுங்கோ’ எண்டான்.”

நான் கைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன்.

“நான் சிரிச்சனான் சக்தி. அவன் சிரிக்கேல்லை. ‘நித்திரையோ? அப்ப பிறகு எடுக்கிறன்’ எண்டுபோட்டு வைச்சிட்டான்.”

அப்பாவின் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் நீ. நாலு வருடமாகிறது.

டொக்டருக்கு எழுதியதில் பட்டியல்களை மனப்பாடமாக்கித் தந்தது நான் என்பதை முதல் வரியில் எழுதினேன். பதிவுகளையும் அனுப்பினேன். நீ திக்குவதற்குப் பயந்து கேட்டாய், ஏமாற்றக் கேட்கவில்லை என்று எழுதினேன். அது ஜனவரிக்கு உண்மை. ஓகஸ்டுக்கு உண்மையா என்பது எனக்குத் தெரியாது, ஆகவே எழுதவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, “அவன்ரை ஆட்டத்தை ஒருக்கா எனக்குப் போட்டுக் காட்டு” என்றார். காட்டினேன். பதினைந்து நிமிடம் பார்த்தார். “இப்பிடியே எட்டு வருசம்?” என்று கேட்டார்.

நீ எழுதியதை நான் மறக்கவில்லை. “எனக்கு அக்கா இல்லை” என்று யோசித்துத்தான் எழுதினாய். நானும் யோசித்துத்தான் அனுப்பினேன். உயிரோடு இருக்கிற தம்பியின் கோபம் எனக்குப் போதும்.

இனி, தெரியாதவை. உன் ஸ்கான் 26ஆம் திகதி செவ்வாய் காலை 10.40க்கு. அறிக்கை 29 வெள்ளி பிற்பகல் வரும் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தைப் பற்றிக் கழகம் அதற்குப் பிறகுதான் பேசும். என்ன பேசும் என்று அவர் சொல்லவில்லை. நேற்று முதல் உன் தொலைபேசிக்கு ஆறு தரம் அடித்தேன். நீ எடுக்கவில்லை. இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும் என்று தபாலகத்தில் சொன்னார்கள்.

நானும் அம்மாவும் திங்கட்கிழமை காலை விமானத்தில் மன்செஸ்டருக்கு வருகிறோம். அங்கிருந்து ரயில். பிற்பகல் இரண்டரைக்கு உன் வாசலில் நிற்போம். நீ கதவைத் திறப்பாயா என்பது அப்போதுதான் தெரியும்.

அக்கா,
சிவசக்தி