மாற்றமில்லை

கடல் போன 27ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம், 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஏழாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உலகத்துக் கடல் முழுவதும் ஒரே பிற்பகலில் வடிந்துபோனதற்குக் காரணம் தெரியவில்லை என்றே எழுதிவிட்டேன். ஆனால் அப்பாவும் மற்றப் படகுக்காரர்களும் கரை திரும்பாததற்கு ஒரு காரணம் வேண்டும் என்கிறது பாடநூல் குழு. 'நீர்மட்டம் பார்ப்பவர் தூங்கிவிட்டதால் அபாயமணி அடிக்கப்படவில்லை.' ஒரே வரிதான். உங்கள் பெயர் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணிக்கு வணக்கம். குட்டிக்கு என் அன்பு.

தம்பி

&nbsp;

இரண்டாம் மாதம், 20

தம்பிக்கு,

நலம். கடல் கிடந்த பள்ளத்தில் வெட்டியெடுக்கும் உப்பை மூட்டை மூட்டையாக எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெயர் போடாத உன் பெருந்தன்மைக்கு நன்றி. 'தூங்குமூஞ்சி' என்று மட்டும் எழுதினாலே தபால்காரர் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அன்று எனக்குக் காய்ச்சல். என் முறைக்கு நீ போனாய். மணிக்கொரு தடவை படியிறங்கி, அளவுக்கம்பத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நீ அறையை விட்டு அசையவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து, முன்கூட்டியே 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டுப் பரீட்சைக்குப் படித்தாய். சரித்திரப் பரீட்சை. அதில் முதல் மதிப்பெண் வேறு!

"அவன் படிக்கிற பையன்டா, பழிய நீ ஏத்துக்க" என்றாள் அம்மா. நான்தான் தூங்கிவிட்டேன் என்று ஏற்றுக்கொண்டேன். வேலை போனது. போகப்போக அம்மாவே அதை நம்பிவிட்டாள். சாகும்போது என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. நீ பக்கத்தில்தானே நின்றாய்?

என் மகள் அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு. அந்த வரியை எழுந்து நின்று சத்தமாக வாசிப்பாள். உண்மையை எழுது என்று உன்னிடம் கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிடு, போதும்.

அண்ணன்

&nbsp;

நான்காம் மாதம், 2

தம்பிக்கு,

பதில் இல்லை. பதிவேட்டிலிருந்து நான் கிழித்து வைத்திருந்த அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். உன் கையெழுத்து உனக்கே தெரியும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக யாரிடமும் காட்டியதில்லை, நகலும் எடுக்கவில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார்.

அண்ணன்

&nbsp;

நான்காம் மாதம், 15

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் கிடைத்தது. இனி அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. மாற்றமில்லை.

தம்பி