எப்போது விழுவேன்

அன்புள்ள லியோனி,

பாரிஸில் குளிர் அதிகம். நான் நலம்தான்.

நேற்று மேடையில் வேலைக்காரி வேடத்தில் சூப் கிண்ணத்தோடு வந்தபோது இடது கால் மடங்கி விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அரங்கமே சிரித்தது.

திரை இறங்கியதும் கஸ்பார் ஓடி வந்தார். கூலிக்குக் கைதட்டிச் சிரிக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

"பிரமாதம் மேடம்! தினமும் விழுங்க. ஆனா எப்பன்னு முன்னாடியே சொல்லிடுங்க. எங்காளுங்கதான சிரிப்ப எடுத்துக் கொடுக்கணும்!"

"எனக்கே தெரியாதுய்யா," என்றேன். அதற்கும் சிரித்தார்.

விழுந்ததிலிருந்து இடது கையும் கரண்டியைப் பிடிக்க மறுக்கிறது. வைத்தியரிடம் போனால் வேடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

நாடகக்காரி முகத்தில் விழிக்கமாட்டேன் என்றவள் நீ. இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வா. முன்வரிசையில் உட்கார். நான் விழும்போது சிரிக்காதவள் ஒருத்தியாவது அங்கே வேண்டும்.

உன் அக்கா