உட்கார்ந்தே ஜெயித்த ஐவின்

அன்புள்ள குன்வோர் அக்காவுக்கு, தம்பி தூர்கைரின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். ஐந்து வயதில் உன் மகன் ஐவின் சமையலறை வாசலில் குறுக்கே உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லையே, அப்போதே "இவன் தடுப்பாட்டக்காரன்" என்றேன்.

நேற்று இங்கே த்ரொம்சோவில் இந்த வருடத்தின் கடைசிக் கால்பந்து ஆட்டம். அணியோடு ஐவினின் ஒப்பந்தம் நீளுமா, மூட்டை கட்டுவானா என்பது அதில்தான். கடைசி நிமிடம், கோல்கீப்பர் இல்லாத கோலை நோக்கிப் பந்து வருகிறது. ஓடிய ஐவின் பனியில் சறுக்கிக் கோல் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மைதானத்தின் ஓரத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்த நான், "மருமகனே, எந்திரிக்காதடா!" என்று கத்தினேன். பந்து அவன் வயிற்றில் மோதித் திரும்பியது.

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "நல்லாத்தான்டா உட்கார்ற! இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே உட்காரு."

பெரிய அடி இல்லை, பயப்படாதே. இன்று மட்டும் நின்றுகொண்டே சாப்பிடுகிறான்.

நீ செய்யும் பழுப்புப் பாலாடைக்கட்டிக்குப் பையன் ரொம்ப ஏங்குகிறான், இரண்டு கட்டி அனுப்பு. கம்பளிக் காலுறையும் வை, கொஞ்சம் பெரிய அளவில். தபால் வண்டி கிளம்புகிறது.

தூர்கைர்

எழுதியதெல்லாம் சத்தியம், ஒன்றைத் தவிர. பையனுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை அக்கா. ஏங்குவது நான்தான்.