தலை எண்ணுகிறவள்

மார்ச் 6, வியாழன்
மருத்துவமனை மருந்தகத்தில் இத்தனை வருஷம் மாத்திரை எண்ணியதற்குத் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது. ஆனால் கோட்டை இருக்கிற அந்தக் கடற்கரை ஊரில். வேண்டாமென்று எழுதிக் கொடுக்கத் திங்கள் கடைசி நாள். "நீ போயிட்டா வீட்டை யாருக்கா பாக்கறது?" என்கிறான் பெரிய தம்பி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே ஊருக்குக் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலா. எனக்கு ஆறுதல் பரிசாம்!

மார்ச் 8
ஒன்பது பேர், இரண்டு வண்டி. சாப்பாடு கட்ட நான் ஒருத்தி.

மார்ச் 9, பேருந்தில்
விட்டுட்டுப் போயிட்டாங்க. என்னை.

ஒவ்வொரு இடத்திலும் வண்டிக்கதவருகே நின்று தலை எண்ணி ஏற்றுகிறவள் நான். கோட்டைச் சுவர்மேல் சின்னத் தம்பி மகள் தொப்பியை மறந்துவிட்டாள். எடுத்துக்கொண்டு இறங்கினால், கீழே ஒரு வண்டியும் இல்லை. அவன் வண்டியில் இருப்பேன் என்று இவன் நினைத்திருப்பான், இவன் வண்டியில் என்று அவன். என்னை எண்ண யார் இருக்கிறார்கள்? நான் என்ன கிள்ளுக்கீரையா?

என் போன் பெரியவன் வண்டியில் சார்ஜில் கிடந்தது. காவலாளி தன் போனை நீட்டினார். வாங்கவில்லை. தேடிக்கொண்டு வரட்டும் என்று பீரங்கி மேடையில் உட்கார்ந்தேன். கடல் தன் பாட்டுக்குச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. வெயில் தாழும்வரை ஒருவரும் வரவில்லை. நானே பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 10
நேற்று வீடு வந்தபோது எட்டுப் பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டின கதவு. சாவி என் பையில்.

பெரியவன் எழுந்து வந்தான். "சாவி உன்கிட்டதானே இருக்கு? எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கோம்." எங்கே போனாய், எப்படி வந்தாய், சாப்பிட்டாயா, ஒன்றுமில்லை. திரும்பி வந்து பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "நீ எப்படியும் பஸ் புடிச்சு வந்துடுவேன்னு தெரியும்க்கா" என்றான் சின்னவன், பாராட்டுகிற மாதிரி.

கதவைத் திறந்துவிட்டேன். தொப்பியைக் கொடுத்தேன்.

இன்று அலுவலகத்தில் மறுப்புக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். எழுதவில்லை என்றேன்.

மார்ச் 30
சாவியைப் பெரியவன் கையில் வைத்தேன். இதை எங்கே வைப்பது என்று என்னையே கேட்கிறான்! கோபம் இன்னும் போகவில்லை. போகவேண்டாம், கூடவே வரட்டும்.

ஏப்ரல் 3
புது அறை. ஜன்னலைத் திறந்தால் கோட்டைச் சுவர். வேலைக்குக் கிளம்பும்போது பழக்கதோஷம், வாசலில் நின்று எண்ணினேன். ஒன்று. சரியாக இருந்தது. பூட்டிக்கொண்டு நடந்தேன்.